கறுப்பு மாம்பா விஷத்தில் வலி மருந்து: சாட்ஸ்வொர்த் அம்மாவுக்காகக் கேட்டவருக்கு

உங்கள் கேள்வியைச் சுருக்கி முதலில் எழுதிவிடுகிறேன், புதிதாகப் படிப்பவர்களுக்கும் புரியும். டர்பனில் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் உங்கள் அம்மாவுக்கு 71 வயது. எட்டு மாதத்துக்கு முன் இடது விலாவில் அக்கி வந்தது. கொப்புளங்கள் ஆறிவிட்டன, எரிச்சல் மட்டும் போகவில்லை. சேலைத் தலைப்பு உரசினால்கூடத் துடித்துப்போகிறார். இந்த நேரத்தில் வாட்ஸப்பில் ஒரு செய்தி வந்திருக்கிறது: நம் ஊர்க் கறுப்பு மாம்பாவின் விஷத்தில் மார்ஃபினுக்கு நிகரான, அதைப் போலப் பழக்கமாகாத வலி மருந்து கண்டுபிடித்துவிட்டார்களாம். அது உண்மையா, எப்போது கடைக்கு வரும், அதற்குள் இணையத்தில் விற்கும் ‘பாம்பு விஷக் களிம்பு’ வாங்கித் தடவலாமா, அப்படி ஏதாவது ஆராய்ச்சி நடந்தால் அம்மாவைச் சேர்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இதன் அடியில் வேறொரு கேள்வி கேட்கிறது. அந்த மருந்து வரும்வரை அம்மா இப்படியே துடித்துக்கொண்டிருக்க வேண்டுமா என்பதுதான் அது. கடைசியில் அதற்குத்தான் வரப்போகிறேன்.

நான் மயக்கவியல் மருத்துவன். கும்பகோணத்தில் பிறந்தவன், டர்பனுக்கு வந்து 19 வருடம் ஆகிறது. அதில் பாதிக்கு மேல் வலி கிளினிக்கில் கழிந்தது. மாம்பா கடித்தவர்களை ஐசியூவில் பார்த்திருக்கிறேன். விஷத்தைப் பிரித்து ஆராயும் கூடத்தில் வேலை செய்ததில்லை. அந்தப் பகுதி நான் படித்துத் தெரிந்துகொண்டது, கையால் செய்தது அல்ல. இதை மனதில் வைத்துப் படியுங்கள்.

நேரான பதில் இதுதான். செய்தியின் வேர் உண்மை. ஆனால் அது எலியில் பார்த்த முடிவு, உங்கள் அம்மாவுக்கான மருந்து அல்ல. களிம்பை வாங்காதீர்கள். அம்மா காத்திருக்க வேண்டியதும் இல்லை.

இனி விரிவாகச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் தோட்ட வேலை பார்க்கும் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். குப்பைக் குவியலைக் கிளறியபோது கெண்டைக்காலில் கடிபட்டிருந்தார். பாம்பு சாம்பல் நிறம் என்றார். கறுப்பு மாம்பா உண்மையில் கறுப்பு இல்லை. வாயைத் திறந்தால் உள்ளே மை பூசியதுபோல இருக்கும், அதனால் வந்த பெயர். கடிவாயில் இரண்டு புள்ளி, கொஞ்சம் வீக்கம், அவ்வளவுதான். ‘வலிக்கிறதா?’ என்று கேட்டேன். பெரிதாக இல்லை, உதடும் நாக்கும் மரத்துப்போகிறது என்றார். அதைச் சொல்லும்போதே அவர் கண்ணிமைகள் கீழே இறங்கின. நெற்றியைச் சுருக்கி, தலையை அண்ணாந்து, இமையின் இடுக்கு வழியாக என்னைப் பார்த்தார். எச்சில் விழுங்க முடியாமல் வாயோரம் ஒழுகியது. அரை மணி நேரத்தில் மூச்சுக்குழாயில் குழாய் போட்டு இயந்திரத்தில் இணைத்தோம். ஜொகன்னஸ்பர்க்கில் குதிரை ரத்தத்திலிருந்து தயாராகும் விஷமுறிவு மருந்தைக் கொடுத்தோம். பிழைத்துவிட்டார். ஆனால் விரலைக்கூட அசைக்க முடியாமல் படுத்திருந்த நேரத்தில் நாங்கள் பேசியதெல்லாம் தனக்குக் கேட்டது என்று பிறகு சொன்னார். அதிலிருந்து அப்படிப்பட்ட நோயாளியின் பக்கத்தில் நின்று நான் எதையும் அலட்சியமாகப் பேசுவதில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பாம்பு விஷம் ஒற்றைப் பொருள் இல்லை. அது ஒரு கூட்டுக் குழம்பு மாதிரி. மாம்பா விஷத்தில் பல பத்து வகைப் புரதங்களும், பெப்டைடுகள் என்ற சின்னப் புரதத் துணுக்குகளும் இருக்கின்றன. டெண்ட்ரோடாக்சின் என்பது நரம்பின் பொட்டாசியம் சேனலை, அதாவது நரம்புச் சுவரில் பொட்டாசியம் போகும் சின்னக் கதவை, அடைக்கிறது. ஃபாசிகுலின் என்பது நரம்பும் தசையும் சேரும் இடத்தில் அசிடைல்கோலினை உடைக்கும் என்சைமை முடக்குகிறது. அந்த மனிதரின் இமையை இறக்கியதும் மூச்சை நிறுத்தப் பார்த்ததும் இப்படிப்பட்டவை. இவற்றுக்கு நடுவே, மிகச் சிறிய பங்காக, மாம்பால்ஜின் என்ற பெப்டைடும் இருக்கிறது. 57 அமினோ அமிலங்களால் ஆனது. பிரான்ஸில் நீஸ் நகரத்துக்குப் பக்கத்தில் வால்போன் என்ற ஊரில் இருக்கும் ஆய்வுக்கூடத்தில் சில்வி தியோஷோவும் எரிக் லங்குலியாவும் அவர்கள் குழுவினரும் அதைப் பிரித்தெடுத்து 2012-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். நம் உடம்பில் அடிபட்ட இடத்திலும் வீங்கிய இடத்திலும் அமிலத்தன்மை கூடும். அந்த அமிலத்தை உணர்ந்து வலிச் செய்தி அனுப்பும் சேனல்கள் நரம்பில் உண்டு. மாம்பால்ஜின் அவற்றை மூடுகிறது. எலிகளுக்குக் கொடுத்தபோது மார்ஃபின் அளவுக்கு வலி குறைந்தது. மூச்சு மந்தமாகவில்லை. மார்ஃபினில் நாளாக நாளாக அளவைக் கூட்ட வேண்டி வருமே, அந்தத் தொல்லையும் குறைவாக இருந்தது. உங்களுக்கு வந்த செய்தியின் வேர் இதுதான். இவ்வளவும் உறுதியானது.

உறுதியில்லாதது அடுத்து வருகிறது. உயிரைக் கொல்லும் பாம்புக்கு வலியைக் குறைக்கும் பெப்டைடு எதற்கு? இதற்கு இன்னும் தெளிவான விடை இல்லை. மாம்பா கடி பெரிதாக வலிப்பதில்லை என்பதற்கும் இதற்கும் முடிச்சுப் போட எனக்கும் ஆசைதான். ஆனால் அது ஊகம். அதைவிட முக்கியமானது, எலியில் கிடைத்த நிவாரணம் மனிதருக்கும் கிடைக்குமா என்பது. 2012-க்குப் பிறகு இவ்வளவு வருடம் ஓடிவிட்டது, மாம்பால்ஜின் இன்னும் எந்த மருந்துக்கடைக்கும் வரவில்லை. ஏன் இவ்வளவு தாமதம் என்று புரிய, பாம்பை விட்டுவிட்டுக் கடலுக்குள் ஒரு நத்தையைப் பார்க்க வேண்டும். விஷப் பெப்டைடிலிருந்து பிறந்து, உரிமம் பெற்று, நோயாளிக்குக் கொடுக்கப்படும் வலி மருந்து என்று நான் உறுதியாகக் கைகாட்டக்கூடியது அந்த நத்தையிடமிருந்து வந்ததுதான்.

கூம்பு நத்தை என்று ஓர் இனம். சோட்வானா கடற்கரைப் பக்கம் பவளப்பாறையில் முங்குகிறவர்களுக்குத் தெரியும், பார்க்கப் பட்டுத்துணியில் நெய்த பூவேலை மாதிரி ஓடு இருக்கும். எடுக்கச் சொல்லிக் கை பரபரக்கும். தயவுசெய்து உயிரோடு இருப்பதை எடுக்காதீர்கள். நத்தையால் மீனைத் துரத்திப் பிடிக்க முடியாது. அதனால் உள்ளே துளையுள்ள ஈட்டி போன்ற பல்லை வெளியே நீட்டி மீனைக் குத்துகிறது. குத்திய கணமே மீன் விறைத்து நின்றுவிடும். இந்த வகையில் சில மனிதரையே கொன்றிருக்கின்றன. ஒவ்வொரு இனத்தின் விஷத்திலும் நூறு, இருநூறு பெப்டைடுகள் இருக்கின்றன, இனத்துக்கு இனம் வேறு வேறு.

பால்டொமெரோ ஒலிவெரா பிலிப்பைன்ஸ்காரர். அமெரிக்காவில் படித்துவிட்டு 1960-களின் கடைசியில் மணிலாவுக்குத் திரும்பினார். ஆய்வுக்கூடத்தில் நல்ல கருவி கிடையாது. சின்ன வயதில் சிப்பி பொறுக்கிய பழக்கம் இருந்தது. கையில் கிடைக்கும் நத்தையின் விஷத்தையே ஆராயலாம் என்று தொடங்கினார். பிறகு அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே அவரிடம் வேலை செய்த இளநிலை மாணவர் ஒருவர், விஷத்தை மொத்தமாக எலிக்குப் போடுவதற்குப் பதிலாக, ஒவ்வொரு பெப்டைடாகப் பிரித்து எலியின் மூளைக்குள் செலுத்திப் பார்க்கலாமே என்றார். ஒன்றைப் போட்டால் எலி தூங்கியது, இன்னொன்றைப் போட்டால் நடுங்கியது. ஒரே விஷப்பைக்குள் இத்தனை தனித்தனி வேலைக்காரர்கள் இருப்பது அப்படித்தான் வெளிப்பட்டது. பள்ளி முடித்த கையோடு அங்கே வந்து சேர்ந்த மைக்கேல் மெக்கின்டாஷ் என்ற இன்னொரு மாணவர், கோனஸ் மேகஸ் என்ற நத்தையிலிருந்து 25 அமினோ அமிலம் கொண்ட ஒரு பெப்டைடைப் பிரித்தெடுத்தார். அதை அப்படியே வேதியியல் முறையில் செய்ததுதான் ஜிகோனோடைட். அமெரிக்காவில் 2004 டிசம்பரில் உரிமம் கிடைத்தது. நத்தையிலிருந்து நோயாளிக்கு வந்துசேர இருபது வருடத்துக்கு மேல் ஆனது. வேலை வெற்றியாக முடிந்தபோதே இத்தனை வருடம்.

அது வேலை செய்யும் விதம் அழகானது. தோலிலிருந்து வரும் வலி நரம்பு தண்டுவடத்துக்குள் போய் அடுத்த நரம்பிடம் செய்தியைக் கைமாற்றுகிறது. கைமாற்ற வேண்டுமானால் நரம்பு முனையில் ஒரு கால்சியம் சேனல் திறக்க வேண்டும். ‘N’ வகைச் சேனல் என்று அதற்குப் பெயர். நத்தையின் பெப்டைடு அந்த ஒரு சேனலின் வாயில் தக்கை மாதிரி உட்கார்ந்துவிடுகிறது. செய்தி அங்கேயே நின்றுவிடும். மார்ஃபின் போகும் வழியே வேறு, அதனால் ஜிகோனோடைட் மூச்சை அடக்குவதில்லை. பழக்கமாவதில்லை. திடீரென்று நிறுத்தினாலும் உடம்பு முறுக்கிக்கொள்வதில்லை. புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் சிரப்பைக் கூட்டிக் கூட்டிக் கொடுத்துப் பழகிய எனக்கு, இதை முதலில் படித்தபோது மனது துள்ளியது.

ஆனால் அந்தச் சேனல் வலி நரம்பில் மட்டும் இல்லை. மூளையிலும் உண்டு, ரத்தக்குழாயைக் கட்டுப்படுத்தும் நரம்பிலும் உண்டு. கையில் ஊசியாகப் போட்டால் ரத்த அழுத்தம் சரிந்துவிடும். வாயால் கொடுத்தால் வயிறு அதைப் பருப்பு மாதிரிச் செரித்துவிடும். ரத்தத்திலிருந்து தண்டுவடத்துக்குள் நுழையவும் அதனால் முடியாது. ஆகவே வயிற்றுத் தோலுக்கு அடியில் ஒரு பம்பைப் பதித்து, அதிலிருந்து மெல்லிய குழாயை முதுகெலும்புக்குள் விட்டு, தண்டுவட நீரில் நேராகச் சொட்ட விட வேண்டும். அளவு எவ்வளவு தெரியுமா? ஒரு நாள் முழுவதற்கும் அதிகபட்சம் 19.2 மைக்ரோகிராம். ஒரு உப்புப் பரலைவிடக் குறைந்த எடை.

இந்த மருந்தை நான் என் கையால் கொடுத்ததில்லை. பயிற்சிக்காக வெளிநாட்டில் ஆறு மாதம் இருந்தபோது, அந்தப் பம்ப் வைத்த ஒரு பெண்மணியைத் தினமும் பார்த்தேன். இடுப்பெலும்பில் புற்று. மார்ஃபினுக்கு அடங்காத வலி. மருந்து ஏறிய ஐந்தாம் நாள், மாதக்கணக்கில் படுக்க முடியாத பக்கமாகத் திரும்பிப் படுத்துத் தூங்கியிருந்தார். அவர் கணவர் வாசலில் நின்று எங்களை உள்ளே விடவில்லை, ‘தூங்கட்டும், தூங்கட்டும்’ என்றார். அடுத்த வாரம் அங்கிருந்த மருத்துவர்கள் அளவைக் கொஞ்சம் கூட்டினார்கள். மறுநாள் காலையில் திரைச்சீலையில் இருக்கும் பூக்கள் நகர்கின்றன என்றார். மகள் பெயர் உடனே வாயில் வரவில்லை. குறைத்த பிறகு இரண்டு மூன்று நாளில் தெளிந்தார், வலியும் பாதி திரும்பி வந்தது. நிவாரணத்துக்கும் குழப்பத்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளி அவ்வளவு குறுகியது. மனநோய் வரலாறு உள்ளவர்களுக்கு இந்த மருந்து கூடாது என்று உரிமத்திலேயே எழுதியிருக்கிறது.

எண்களும் அதையே சொல்கின்றன. புற்றுநோய் அல்லது எய்ட்ஸ் வலி உள்ள 111 பேரிடம் நடத்திய ஆய்வு 2004-இல் வெளிவந்தது. மருந்து பெற்றவர்களுக்கு வலி அளவு சராசரியாக 53 சதவீதம் இறங்கியது, வெறும் நீர் பெற்றவர்களுக்கு 18 சதவீதம். பிரமாதம் என்று தோன்றும். ஆனால் அதில் அளவை வேகமாகக் கூட்டினார்கள், பக்கவிளைவும் கடுமையாக வந்தது. 2006-இல் 220 பேரிடம் மெதுவாகக் கூட்டிப் பார்த்தபோது பக்கவிளைவு குறைந்தது, கூடவே நிவாரணமும் குறைந்தது. மருந்துக்கு ஏறக்குறைய 15 சதவீதம், வெறும் நீருக்கு 7 சதவீதம். உங்களுக்கு யாராவது முதல் ஆய்வை மட்டும் காட்டினால் இரண்டாவதையும் கேளுங்கள். வேறு எதற்கும் அடங்காத வலிக்கு இது ஒரு வரம். அக்கி வலிக்கு எடுத்த எடுப்பில் யோசிக்கிற மருந்து இல்லை.

இதற்குப் பின்னால் வந்தவற்றில் பல பாதியிலேயே நின்றுவிட்டன. அவற்றில் ஒன்றை நான் மாணவர்களுக்குத் தவறாமல் சொல்வேன். ஆஸ்திரேலியாவில் கோனஸ் விக்டோரியே என்ற நத்தையின் பெப்டைடு ஒன்று நரம்பு வலியுள்ள எலியிடம் நன்றாக வேலை செய்தது. தோலுக்கடியில் ஊசியாகவே போடலாம், பம்ப் தேவையில்லை. மனிதரிடமும் சோதனை தொடங்கிவிட்டார்கள். 2007-இல் நிறுத்த வேண்டியதாயிற்று. எலியின் நரம்பில் அந்தப் பெப்டைடு பிடித்த அளவுக்கு, மனிதரின் அதே ஏற்பியில் (நரம்பில் மருந்து போய் ஒட்டும் இடம்) பிடிக்கவில்லை. எலிக்கும் நமக்கும் அந்த ஏற்பியின் அமைப்பில் உள்ள சின்ன வேறுபாடு அத்தனை வருட உழைப்பையும் நிறுத்திவிட்டது. அதனால்தான் மாம்பால்ஜின் எலியில் வேலை செய்தது என்று கேட்டதும் நான் சந்தோஷப்படுகிறேன், ஆனால் நோயாளியிடம் வாக்குக் கொடுப்பதில்லை.

சிலந்தியின் கதை இன்னும் சிக்கலானது. 2006-இல் பாகிஸ்தானின் வடக்குப் பகுதியில் சில குடும்பங்களைப் பற்றி எழுதினார்கள். அங்கே ஒரு சிறுவன் தெருவில் வித்தை காட்டிப் பிழைத்தான். நெருப்புக்கனல் மீது நடப்பான், கையில் கத்தியைச் செருகிக்கொள்வான். அவனுக்கு வலியே தெரியாது. குட் ஃப்ரைடே அன்று டர்பனில் கேட்டோ மேனர் கோயிலில் தீமிதிக்கும் நம் ஆட்கள் மனதைத் திரட்டிக்கொண்டு இறங்குகிறவர்கள், சூடு அவர்களுக்குத் தெரியும். அந்தச் சிறுவனைப் போலவே வலி தெரியாமல் பிறந்த அந்தக் குடும்பத்தினரைச் சோதித்தபோது, பிறவியிலேயே ஒரு சோடியம் சேனல் வேலை செய்யவில்லை என்று தெரிந்தது. நாவ் 1.7 என்பது அதன் பெயர். இந்தச் சேனல் வேலை செய்யாதவர்களுக்கு மணமும் தெரியாது, மற்றபடி உடல்நிலை சரி. வலியின் பூட்டுக்குச் சாவி கிடைத்துவிட்டது என்று உலகமே நினைத்தது. தாரந்துலா சிலந்திகளின் விஷத்தில் அந்தச் சேனலை அடைக்கும் பெப்டைடுகள் இருந்தன. பெரிய மருந்து நிறுவனங்கள் எல்லாம் இறங்கின. நோயாளிகளிடம் போனபோது அதை அடைக்கும் மருந்துகள் எதிர்பார்த்த நிவாரணத்தைத் தரவில்லை. பிறவியிலேயே சேனல் இல்லாதவர்களின் உடம்பில் இயற்கையான ஓபியாய்டுகள் (மார்ஃபின் வகைப் பொருட்கள்) கூடுதலாகச் சுரக்கின்றன என்றும், வலி தெரியாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்றும் பிறகு தெரியவந்தது. இது முழு விளக்கம் என்று இன்னும் அடித்துச் சொல்ல முடியாது.

ஒன்று சேர்த்துக்கொள்கிறேன், எனக்கு மிகவும் பிடித்தது. மேற்கிந்தியத் தீவுகளின் தாரந்துலா ஒன்றின் விஷம், மிளகாயின் காரம் தொடும் அதே ஏற்பியைத் தொடுகிறது. எதிரிக்கு எரியட்டும் என்று மிளகாய்ச் செடியும் சிலந்தியும் ஆளுக்கொரு வழியில் ஒரே கதவைக் கண்டுபிடித்திருக்கின்றன. அந்த ஏற்பியைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, பெப்டைடை மாத்திரையாக ஆக்கவே முடியாதா? இங்கே எனக்கு நம்பிக்கை உண்டு. காங்கோவில் 1960-களில் பணியாற்றிய லொரன்ட்ஸ் கிரான் என்ற நார்வே மருத்துவர், பிரசவத்தை விரைவாக்கப் பெண்கள் ஒரு செடியைக் கொதிக்கவைத்துக் குடிப்பதைப் பார்த்தார். அதில் இருந்தது ஒரு பெப்டைடு. கொதித்தும் அழியவில்லை, வயிற்றிலும் செரிக்கவில்லை. அதன் தலையும் வாலும் இணைந்து வளையமாக இருந்தது என்பது பல வருடம் கழித்துத்தான் புரிந்தது. செரிக்கும் என்சைம்களில் சில நுனியிலிருந்துதான் கடிக்கும், வளையத்தில் நுனியே இல்லை. குயின்ஸ்லாந்தில் டேவிட் கிரெய்க்கின் குழு, முன்னே சொன்ன ஆஸ்திரேலிய நத்தைப் பெப்டைடையே இதே மாதிரி வளையமாக்கி 2010-இல் எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்தது, வலி குறைந்தது. மறுபடியும் எலிதான். ஆனாலும் வழி ஒன்று திறந்திருக்கிறது.

இன்னொரு வழி ஏற்கெனவே உங்கள் வீட்டு மருந்து டப்பாவில் இருக்கலாம். அம்மா பிரஷருக்குச் சாப்பிடும் மாத்திரையின் பெயர் ‘பிரில்’ என்று முடிகிறதா பாருங்கள், எனலாப்ரில், பெரிண்டோப்ரில் மாதிரி. அந்தக் குடும்பத்தில் முதலில் வந்தது 1981-இல் உரிமம் பெற்ற கேப்டோப்ரில். பிரேசிலில் ஜரராகா என்ற விரியனின் விஷத்தில் இருந்த பெப்டைடு வழிகாட்டியது. ஆனால் மாத்திரையில் விஷமும் இல்லை, பெப்டைடும் இல்லை. அந்தப் பெப்டைடு எந்த என்சைமைப் பிடிக்கிறது, எப்படிப் பிடிக்கிறது என்று கற்றுக்கொண்டு, அதே வேலையைச் செய்யும் சின்ன மூலக்கூறைக் கட்டினார்கள். வலி மருந்திலும் பெரிய பலன் இந்த வழியில்தான் வரும் என்பது என் கருத்து. விஷம் நமக்கு எந்தக் கதவு என்று காட்டும், மாத்திரையை நாம் வேறு பொருளில் செய்துகொள்வோம். 2025 ஜனவரியில் அமெரிக்காவில் சூசெட்ரிஜின் என்ற மாத்திரைக்கு உரிமம் கிடைத்தது. அது நாவ் 1.8 என்ற இன்னொரு சோடியம் சேனலை அடைக்கிறது. அது விஷத்திலிருந்து வந்ததல்ல, கொடுக்கப்படுவதும் அறுவை சிகிச்சைக்குப் பின் வருவது போன்ற திடீர் வலிக்குத்தான். ஆனால் ஒரு சேனலைக் குறிவைத்து, ஓபியாய்டு இல்லாமல், வாயால் சாப்பிடும் மாத்திரை செய்ய முடியும் என்று அது காட்டிவிட்டது.

களிம்புக்கு வருகிறேன். நம் தோல் சின்ன மூலக்கூறுகளை மட்டும் உள்ளே விடும். பொதுவாக 500 டால்டனுக்கு (மூலக்கூறின் எடையைச் சொல்லும் அலகு) மேற்பட்டவை நுழையச் சிரமப்படும். நத்தையின் பெப்டைடு 2,600-க்கு மேல், மாம்பால்ஜின் அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். ஆகவே டப்பாவில் நிஜமாகவே பாம்பு விஷம் இருந்தாலும் அது தோலுக்கு மேலேயே கிடக்கும். அப்படியானால் தடவியதும் ஏன் இதமாக இருக்கிறது என்று கேட்பீர்கள். பெரும்பாலும் கற்பூரமும் புதினா உப்பும்தான் காரணம். என் கிளினிக்குக்கு வந்த ஒருவர் இப்படி ஒரு தைலத்தை நம்பி, சாப்பிட்டுக்கொண்டிருந்த நரம்பு வலி மாத்திரையை ஒரே நாளில் நிறுத்திவிட்டார். தூக்கம் போய், வியர்த்துக் கொட்டி, வலி இரண்டு மடங்காகத் திரும்பியபோது வந்தார். அவரை நான் கடிந்துகொள்ளவில்லை. அந்த வலியில் யாராக இருந்தாலும் எதையும் தடவிப் பார்ப்பார்கள். ஊரில் என் பாட்டிக்கு அக்கி வந்தபோது குயவர் வீட்டுக்குக் கூட்டிப்போய்க் காவி குழைத்து அக்கி எழுதினார்கள். அந்தக் குளிர்ச்சியும் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிய கையும் ஆறுதல் தந்திருக்கும், அதை நான் மறுக்க மாட்டேன். காசு பிடுங்காத வரை, மாத்திரையை நிறுத்தச் சொல்லாத வரை அதில் கெடுதல் இல்லை.

இப்போது அம்மா. அக்கியைக் கொண்டுவரும் வைரஸ் சின்ன வயதில் வந்த சின்னம்மையோடு உள்ளே நுழைந்து நரம்புக் கணுவில் தங்கியிருந்தது. அது கிளம்பி வரும்போது நரம்பையே புண்ணாக்கிவிட்டது. தோல் ஆறியும் நரம்பு ஆறவில்லை, அதனால்தான் சேலை பட்டாலே நெருப்பு. பாராசிட்டமாலுக்கு இது அடங்காது. பலர் அதைச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு ‘மருந்தே இல்லை’ என்று விட்டுவிடுகிறார்கள். மருந்து இருக்கிறது. ப்ரீகாபலின், காபாபென்டின் என்று இரண்டு. நான் இவ்வளவு நேரம் சொன்ன நத்தை எந்தக் கால்சியம் சேனலை அடைக்கிறதோ, அந்த வகைச் சேனல்களின் துணைப்பகுதி ஒன்றை இவை பிடித்துக்கொள்கின்றன. அதனால் நரம்பு முனைக்குப் போய்ச் சேரும் சேனல்கள் குறைகின்றன. நத்தை அளவுக்கு வலு இல்லை, ஆனால் வாயால் சாப்பிடலாம், முதுகில் குழாய் வேண்டாம். இரவில் சிறிய அளவு அமிட்ரிப்டிலின் இன்னொரு வழி. வலி உள்ள இடத்தில் ஒட்டும் லிடோகெயின் பட்டை கிடைத்தால், வயதானவர்களுக்கு நான் அதை விரும்புவேன், தலை சுற்றாது. இவை எல்லாருக்கும் கேட்பதில்லை, கேட்பவர்களுக்கும் வலி முழுதாகப் போவதில்லை. பாதியாகக் குறைந்து இரவில் தூக்கம் வந்தாலே வாழ்க்கை மாறிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். மாதங்கள் போகப் போகத் தானாகக் குறைபவர்களும் பலர் உண்டு. ஆனால் அம்மாவுக்கு எது, எவ்வளவு என்பதை அவரைப் பார்க்காமல் இங்கே நான் எழுதக் கூடாது. ப்ரீகாபலினின் அளவு சிறுநீரகத்தைப் பொறுத்தது. அமிட்ரிப்டிலினுக்கு முன் இதயத்தையும் கண் அழுத்தத்தையும் கேட்க வேண்டும். இரண்டுமே தலைசுற்றல் தரும், இரவில் எழுந்து நடக்கும்போது விழுந்துவிடுவார். அதனால் குறைந்த அளவில் தொடங்கி மெதுவாகத்தான் கூட்டுவோம்.

ஆராய்ச்சியில் சேர்க்கலாமா என்று கேட்டீர்கள். முறையான மருந்துச் சோதனை எதுவும் இங்கே நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதியோடுதான் நடக்கும். தேசியப் பதிவேட்டில் அதன் விவரம் இருக்கும், யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். சேருகிறவர்களிடம் மருந்துக்குக் காசு வாங்க மாட்டார்கள். ‘மாம்பா மருந்துச் சோதனை, இடம் பிடிக்க முன்பணம் கட்டுங்கள்’ என்று யாராவது அழைத்தால் போனை வைத்துவிடுங்கள்.

இந்த வாரமே அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள். குடும்ப மருத்துவரிடம் ‘அக்கிக்குப் பின் நரம்பு வலி, எட்டு மாதம், துணி பட்டால் துடிக்கிறார்’ என்று இதே வார்த்தைகளில் சொல்லி, வலி கிளினிக்குக்குக் கடிதம் கேளுங்கள். சாப்பிடும் எல்லா மாத்திரையையும் பையோடு எடுத்துப்போங்கள், அந்தக் களிம்பு ஏற்கெனவே வீட்டுக்கு வந்திருந்தால் அதையும் சேர்த்து. கடைசியாக எடுத்த சிறுநீரகப் பரிசோதனைத் தாள் இருந்தால் மறக்காதீர்கள். கூடவே, இரவில் எத்தனை முறை வலியில் எழுகிறார் என்று மூன்று நாள் எண்ணிக் குறித்துவையுங்கள். மாத்திரை வேலை செய்கிறதா என்று பார்க்க எங்களுக்கு அந்த எண் மிகவும் உதவும்.